ஒரே டிகிரியில் இரண்டு மேஜர்... எடுக்கலாமா, வேண்டாமா? புதுச்சேரி மாணவர்களுக்கு ஒரு கிரெடிட் கணக்கு!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், புதுச்சேரியில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். சென்டாக் விண்ணப்பம் போட்டாச்சா, எந்தக் கல்லூரி முதல் சாய்ஸ், பி.காம் கிடைக்குமா, தாகூரா, இந்திரா காந்தியா? இதெல்லாம் வருஷா வருஷம் கேட்கிற கேள்விகள். கொஞ்ச காலமாக இவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "ரெண்டு மேஜர் எடுக்கலாமாம்மா?"

கேட்டதுமே வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். "ஒண்ணையே அரியர் இல்லாம முடிக்கப் பாரு" என்பார் அப்பா. "ஒரே ஃபீஸ்ல ரெண்டு டிகிரி மாதிரிதானே, எடுத்துக்கட்டும்" என்பார் மாமா. அப்பா சொல்வதில் அனுபவம் இருக்கிறது, ஆனால் விதி தெரியாது. மாமா விதியைப் பற்றி எங்கோ பாதி கேட்டிருக்கிறார். பிள்ளையோ, சீனியர் அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்டேட்டஸை நம்பிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பேச்சு புதுச்சேரியில் சூடாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பக்கத்திலேயே இருக்கும் கடலூரிலும் விழுப்புரத்திலும் பழைய மூன்றாண்டு முறைதான். தமிழ், ஆங்கிலம், மேஜர், கூடவே 'அலைடு' என்று அம்மா காலத்தில் இருந்த அதே அமைப்பு. தமிழ்நாடு அரசு புதிய தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. புதுச்சேரிக் கல்லூரிகளோ, காலாப்பட்டில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான புதுவைப் பல்கலைக்கழகம், 2023-24 கல்வியாண்டில் இளநிலைப் படிப்புகளைப் புதிய முறைக்கு மாற்றியது. ஆக, கோரிமேடு தாண்டினால் ஒரு முறை, இந்தப் பக்கம் இன்னொரு முறை. விழுப்புரத்தில் படிக்கும் பெரியம்மா பையனிடம் கேட்டு இங்கே முடிவெடுக்க முடியாது.

மூன்றும் வேறு வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மேஜரோடு மைனர், இரட்டை மேஜர், ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

மைனர் என்பது கிட்டத்தட்ட அந்தக்கால அலைடுக்குத் தம்பி. கணிதம் மேஜர், இயற்பியல் அலைடு என்று படித்த அம்மாவுக்கு இது சட்டென்று புரியும். ஆனால் அலைடு பாடத்தைக் கல்லூரியே முடிவு செய்துவிடும். மைனரில் மாணவருக்கும் ஒரு வாய்ப்பு உண்டு, கல்லூரியில் இருக்கும் துறைகளைப் பொறுத்து.

இரட்டை மேஜர் என்றால் ஒரே பட்டம், அதற்குள் இரண்டு பாடங்களில் ஆழம். சான்றிதழ் ஒன்றுதான்.

இரண்டு டிகிரி என்பது முற்றிலும் வேறு கதை. இரண்டு அட்மிஷன், இரண்டு கட்டணம், இரண்டு சான்றிதழ். அதற்கும் அனுமதி இருக்கிறது, பிறகு பார்ப்போம்.

இவற்றில் நடுவில் இருக்கும் இரட்டை மேஜருக்குத்தான் இன்று கவர்ச்சி அதிகம். பெயரிலேயே ஒரு கம்பீரம் இருக்கிறது இல்லையா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சகஜமான விஷயம் வேறு. டல்லாஸில் இருக்கும் அண்ணன் மகள் கம்ப்யூட்டரும் பொருளாதாரமும் சேர்த்துப் படிக்கிறாள் என்று போனில் கேட்டால், இங்கே லாஸ்பேட்டையில் இருக்கும் பிள்ளைக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

24-க்கும் 48-க்கும் நடுவில்

ஆசையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் கிரெடிட் கணக்குதான்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி, 2022 டிசம்பரில் இளநிலைப் படிப்புகளுக்கான புதிய பாடத்திட்டக் கட்டமைப்பை வெளியிட்டது. அதன்படி மூன்றாண்டு பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஹானர்ஸ் பட்டத்துக்கு 160 கிரெடிட். ஒரு செமஸ்டருக்கு 20 என்று வைத்துக்கொள்ளலாம். வகுப்பில் உட்கார்ந்து கேட்கும் பாடம் என்றால், ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், செமஸ்டருக்கு 15 மணி நேரம். லேப் என்றால் அதே ஒரு கிரெடிட்டுக்கு வாரம் இரண்டு மணி நேரம்.

மூன்றாண்டு பட்டத்தில் இந்த 120 எப்படிப் பிரிகிறது? மேஜருக்குக் குறைந்தது 60. மைனருக்கு 24. பிற துறைப் பாடங்களுக்கு 9. தமிழ், ஆங்கிலம் போன்ற மொழித்திறன் பாடங்களுக்கு 8. தொழில்திறன் பாடங்களுக்கு 9. மதிப்புக் கூட்டுப் பாடங்கள், இன்டர்ன்ஷிப் இரண்டுக்குமாக மிச்சம் 10. கூட்டிப் பாருங்கள், சரியாக 120 வரும்.

இப்போது இரட்டை மேஜர். இரண்டாவது பாடத்தில் மொத்த கிரெடிட்டில் குறைந்தது 40 சதவிகிதம் எடுக்க வேண்டும் என்கிறது அதே கட்டமைப்பு. 120-ல் 40 சதவிகிதம் என்றால் 48. மைனருக்கு 24 போதும், இரட்டை மேஜருக்கு 48. சரியாக இரண்டு மடங்கு.

அந்தக் கூடுதல் 24 எங்கிருந்து வரும்? மேலே இருக்கும் பட்டியலில் எந்த எண்ணையும் குறைக்காமல் 24 இருந்த இடத்தில் 48 போட்டுக் கூட்டினால், மொத்தம் 144 ஆகிவிடும். ஒரு செமஸ்டருக்கு 20 என்றால் இந்த 24 ஒரு முழு செமஸ்டருக்கும் மேல். நான்காண்டு பட்டத்தில் மைனருக்கு 32, இரட்டை மேஜருக்கு 64. அங்கே இடைவெளி 32.

எந்த வகைப் பாடத்தை எதில் சேர்த்துக் கணக்குக் காட்டலாம், கூடுதல் கிரெடிட்டை எத்தனை செமஸ்டருக்குள் முடிக்கலாம் என்பதையெல்லாம் பல்கலைக்கழகத்தின் விதிமுறைதான் சொல்ல வேண்டும். அதைப் படிக்காமல் "மூணு வருஷத்துல ரெண்டு மேஜர் முடிச்சுடலாம்" என்று யார் சொன்னாலும், அவரிடம் இந்த 144 கணக்கைக் காட்டுங்கள்.

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். பாகூரிலிருந்து தினமும் பஸ் ஏறி டவுனுக்கு வருகிறாள். கணிதம் மேஜர். முதல் வருடம் முடிந்ததும் பொருளாதாரத்தையும் மேஜராக எடுக்க ஆசைப்படுகிறாள். மிச்சம் இருப்பது நான்கு செமஸ்டர். கூடுதல் 24 கிரெடிட்டை நான்காகப் பிரித்தால் செமஸ்டருக்கு 6. அதாவது வாரத்துக்கு ஆறு மணி நேரம் கூடுதல் வகுப்பு. சிரமம்தான், முடியாதது இல்லை. அதே மாணவி வேதியியல் மேஜர் எடுத்து, கூடவே தாவரவியலையும் மேஜராக எடுத்தால்? கூடுதல் நேரத்தில் பாதி லேப் என்று வைத்தாலே வாரத்துக்கு ஒன்பது மணி நேரம். ரெக்கார்டு நோட்டு எழுதும் நேரம் இதில் சேர்த்தி இல்லை. ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்பது அவளுக்கும் அவள் அம்மாவுக்கும்தான் தெரியும்.

டைம்டேபிள் பிரச்னையும் சின்னதில்லை. கணிதத் துறையும் பொருளாதாரத் துறையும் திங்கட்கிழமை பத்து மணிக்கே முக்கிய வகுப்பை வைத்தால் ஒரு பிள்ளை இரண்டு அறையிலும் எப்படி உட்காரும்? அதற்கும் முன்னால், அந்த இரண்டு துறையும் அந்தக் கல்லூரியில் இருக்க வேண்டும். புதுச்சேரியில் எல்லாக் கல்லூரியிலும் எல்லாத் துறையும் கிடையாது. சென்டாக்கில் சாய்ஸ் கொடுக்கும்போது மேஜரை மட்டும் பார்த்துவிட்டு, அந்தக் கல்லூரியில் வேறு என்னென்ன துறை இருக்கிறது என்று பார்க்காமல் விடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வெளியே போய்ப் படிக்க ஒரு வழி உண்டு. ஸ்வயம் தளத்தில் ஆன்லைன் பாடம் படித்து, ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவிகிதம் வரை கிரெடிட்டாகச் சேர்க்கலாம் என்று 2021-ல் யு.ஜி.சி விதி கொண்டுவந்தது. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்பது பல்கலைக்கழகத்தின் கையில். படித்து முடித்துவிட்டு அனுமதி கேட்கக் கூடாது. அனுமதி வாங்கிவிட்டுப் படிக்க வேண்டும்.

எம்.ஏ-வுக்குப் போக மைனர் போதுமா?

இரண்டாவது மேஜர் வேண்டும் என்கிற பிள்ளைகளிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும்: "பின்னாடி எந்த சப்ஜெக்ட்ல பி.ஜி பண்றதுன்னு இப்பவே தெரியலையே. ரெண்டு கதவும் திறந்து இருக்கட்டுமே."

நியாயமான பயம்தான். பதினேழு வயதில் வாழ்க்கையின் பாடத்தை முடிவு செய்யச் சொல்வதே கொஞ்சம் அநியாயம். ஆனால் இந்தப் பயத்துக்கு இரட்டை மேஜர்தான் மருந்தா என்றால், இல்லை.

2024 ஜூனில் யு.ஜி.சி முதுநிலைப் படிப்புகளுக்கும் ஒரு கட்டமைப்பை வெளியிட்டது. இளநிலையில் மேஜராகப் படித்த பாடத்திலோ, மைனராகப் படித்த பாடத்திலோ எம்.ஏ., எம்.எஸ்சி சேரத் தகுதி உண்டு என்கிறது அது. இன்னும் ஒரு படி மேலே போய், இளநிலையில் படிக்காத பாடமாக இருந்தாலும், அந்தப் பாடத்தின் தேசிய அளவிலான அல்லது பல்கலைக்கழக அளவிலான நுழைவுத்தேர்வில் தேறினால் சேரலாம் என்கிறது. காலாப்பட்டு வளாகத்தின் முதுநிலைச் சேர்க்கையே இப்போது கியூட் பி.ஜி தேர்வு வழியாகத்தான் நடக்கிறது.

அப்படியென்றால் கதவு திறந்திருக்க 24 கிரெடிட் மைனரே போதுமானதாக இருக்கிறது. இன்னொரு 24-ஐக் கூட்டி முதுகில் ஏற்றிக்கொள்ள வேறு ஏதாவது வலுவான காரணம் வேண்டும். பல்கலைக்கழகங்கள் தங்கள் சேர்க்கை விதியில் இதை எப்படி எடுத்துக்கொள்கின்றன என்பதை, சேர விரும்பும் இடத்தின் தகவல் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு பக்கம், கூடுதல் சுமை ஒரு கதவை மூடவும் கூடும். நான்காம் ஆண்டில் 'ஆராய்ச்சியுடன் ஹானர்ஸ்' பிரிவுக்குப் போக, முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவிகித மதிப்பெண் வேண்டும். அப்படி நான்காண்டு முடித்து 75 சதவிகிதம் வைத்திருப்பவர்கள், முதுநிலை படிக்காமலேயே பிஹெச்.டி-க்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது 2022 நவம்பரில் வந்த பிஹெச்.டி விதிமுறை. 78 சதவிகிதத்தில் போய்க்கொண்டிருக்கும் ஒரு மாணவர், இரண்டாவது மேஜரின் சுமையால் 71-க்கு இறங்கினால் என்ன ஆகும்? சான்றிதழில் ஒரு வரி கூடும், இந்த வழி அடைபட்டுப் போகும். வீட்டில் பேசும்போது பெரும்பாலும் யாரும் போடாத கணக்கு இது.

புதுச்சேரிக்குத் தெரிந்த இரட்டைப் படிப்பாளி

அதற்காக இரண்டு பாடம் படிப்பதே வீண் என்று சொல்லிவிட முடியாது. கடற்கரைக்கு ஒரு தெரு தள்ளி, செயின்ட் லூயிஸ் வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வரலாறே இதற்குச் சாட்சி.

இந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் ழான் ஃபிலியோஸா. 1906-ல் பிறந்தவர். தொழில்முறை மருத்துவர். 1930 முதல் 1947 வரை மருத்துவராக வேலை பார்த்தவர். அதற்கிடையே சமஸ்கிருதம், பாலி, திபெத்திய மொழி, தமிழ் என்று கற்றுக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் இந்தியவியல் பேராசிரியராகவே ஆகிவிட்டார். 1955-ல், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களின் கையிலிருந்து இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்த சில மாதங்களில், இந்த ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது.

அவருடைய இரண்டு படிப்பும் தனித்தனியாக நிற்கவில்லை என்பதுதான் இதில் சுவாரஸ்யம். இந்திய மருத்துவத்தின் பழைய கோட்பாடுகளைப் பற்றி அவர் 1949-ல் எழுதிய நூலை, சமஸ்கிருதம் மட்டும் தெரிந்தவரோ மருத்துவம் மட்டும் தெரிந்தவரோ எழுதியிருக்க முடியாது. மூல நூலைப் படிக்க மொழி வேண்டும். படித்தது உடம்பைப் பற்றி என்ன சொல்கிறது என்று புரிய மருத்துவம் வேண்டும்.

அவர் தொடங்கிய நிறுவனமும் அப்படித்தான் வளர்ந்தது. ஒரு பக்கம் சைவ ஆகமங்கள், இலக்கணம் என்று இந்தியவியல். அங்கே சேர்த்து வைத்திருக்கும் சைவ ஓலைச்சுவடித் தொகுப்பு 2005-ல் யுனெஸ்கோவின் 'உலக நினைவு' பதிவேட்டில் இடம்பெற்றது. இன்னொரு பக்கம் சூழலியல். மகரந்தத் துகள்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, பல ஆயிரம் வருடங்களுக்கு முன் ஒரு இடத்தில் என்ன காடு இருந்தது என்று கண்டுபிடிக்கும் வேலையும் அங்கே உண்டு. அதற்குத் தாவரவியலும் வேண்டும், மண்ணும் காலநிலையும் தெரிந்த புவியியல் அறிவும் வேண்டும்.

ஃபிலியோஸா கதையில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அவர் எல்லாவற்றையும் மூன்று வருடத்தில் முடிக்கவில்லை. மருத்துவம் பார்த்துக்கொண்டே, வருடக்கணக்கில், ஒவ்வொரு மொழியாகச் சேர்த்தார்.

ஆகவே, இரண்டாவது பாடம் முதல் பாடத்தோடு பேசுகிறதா என்று பாருங்கள். கணிதமும் பொருளாதாரமும் நன்றாகவே பேசும். புள்ளியியலும் கம்ப்யூட்டர் சயின்ஸும் பிரிக்க முடியாத ஜோடி. வரலாறும் தமிழும் சேர்ந்தால் கல்வெட்டும் சுவடியும் படிக்கிறவர்கள் கிடைப்பார்கள், அந்த ஆட்களுக்குத் தட்டுப்பாடு இருக்கிறது. உளவியலும் சமூகப்பணியும் சேரலாம். ஆனால் "பி.காம் கூட எதாவது ஒண்ணு இருக்கட்டும்" என்று எடுக்கும் இரண்டாவது மேஜர், மூன்றாவது செமஸ்டர் இன்டர்னல் தேர்விலேயே பாரமாகிவிடும்.

ஆசிரியர் வேலை கனவா? ஒரு நிமிஷம்!

இரண்டு பாடம் படித்தால் இரண்டு பாடத்துக்கும் ஆசிரியர் ஆகலாமே என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்கள் மத்தியில் 'இரட்டைப் பட்டம் வழக்கு' என்றால் தெரியாதவர்கள் குறைவு. ஏற்கெனவே ஒரு பட்டம் முடித்தவர்கள், ஓராண்டில் வேறொரு பாடத்தில் இன்னொரு பட்டம் பெற முடிந்த காலம் ஒன்று இருந்தது. அப்படிப் பட்டம் வாங்கியவர்கள் அதை வைத்துப் பதவி உயர்வு கேட்டபோது, அதே பாடத்தை மூன்று வருடம் படித்தவர்கள் எதிர்த்தார்கள். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஓராண்டுப் பட்டத்தை மூன்றாண்டுப் பட்டத்துக்குச் சமமாக நீதிமன்றம் ஏற்கவில்லை. பணம் கட்டி, பரீட்சை எழுதி, சான்றிதழும் வாங்கியவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இன்றைய இரட்டை மேஜர் அதுபோன்றது இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான்: பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம், வேலை கொடுப்பது வேறொரு துறை. இரண்டும் ஒரே அகராதியைப் படிப்பதில்லை. அரசு வேலை அறிவிப்புகளில் 'சம்பந்தப்பட்ட பாடத்தில் இளநிலைப் பட்டம்' என்று ஒரு வரி இருக்கும். உங்கள் இரண்டாவது மேஜரை அந்த வரிக்குள் அதிகாரிகள் ஏற்பார்களா என்பது, பட்டத்தின் பெயர் சான்றிதழில் எப்படி அச்சாகிறது என்பதைப் பொறுத்தது. புதிய முறையில் படித்தவர்கள் இப்போதுதான் வெளியே வர ஆரம்பித்திருக்கிறார்கள். அதனால், ஆசிரியர் வேலைதான் குறி என்றால், பாடமாக எடுத்துச் சொல்லித்தரப்போகும் பாடம் முதல் மேஜராக இருப்பதே பாதுகாப்பு.

ரெண்டு டிகிரியே படிச்சா என்ன?

மாமா சொன்ன 'ரெண்டு டிகிரி'க்கும் உண்மையிலேயே வழி இருக்கிறது. 2022 ஏப்ரலில் யு.ஜி.சி இதற்கு அனுமதி கொடுத்தது. நேரடி வகுப்பாகவே இரண்டு படிப்பு படிக்கலாம், வகுப்பு நேரம் ஒன்றோடொன்று மோதக் கூடாது. அல்லது ஒன்று கல்லூரியில், இன்னொன்று தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். இரண்டுமே தொலைதூரக் கல்வியாகவும் இருக்கலாம். பிஹெச்.டி-க்கு மட்டும் இது பொருந்தாது. அந்த அறிவிப்புக்கு முன்பே அப்படி இரண்டு படிப்பு முடித்தவர்களின் பட்டங்களும், அப்போதைய விதிகளின்படி முறையாகப் படித்திருந்தால் செல்லும் என்று 2025 ஜூனில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

இரட்டை மேஜரோடு ஒப்பிட்டால் இதில் ஒரு சௌகரியம் உண்டு. தொலைதூரக் கல்வியில் ஒன்று தட்டினாலும் கல்லூரி மார்க் தனியாக நிற்கும். ஒன்றின் அரியர் இன்னொன்றின் சான்றிதழில் ஒட்டாது. ஞாயிற்றுக்கிழமையைப் படிப்புக்குக் கொடுக்கத் தயாராக இருக்கும், காலையில் கல்லூரி, மாலையில் கடையில் கணக்கு எழுதும் பிள்ளைகளுக்கு இதுதான் ஒத்துவரும். தொலைதூரப் படிப்புக்கு யு.ஜி.சி-யின் அங்கீகாரம் அந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று மட்டும் அதன் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தெருமுனை ஸ்டடி சென்டர் பலகையை நம்பிக் கட்டாதீர்கள்.

ஏனாமில் உறவினர் இருந்தால் அவர்கள் இந்த விவாதத்தையே வேடிக்கையாகப் பார்ப்பார்கள். சுற்றிலும் இருக்கும் ஆந்திராவில் பல காலமாக பி.எஸ்சி என்றாலே மூன்று பாடம்தான். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் சம அந்தஸ்தில். நாம் இரண்டாவது மேஜரைப் பற்றிப் பேச ஆரம்பித்த அதே 2023-24-ல்தான், ஆந்திரா மூன்றைக் கைவிட்டு ஒற்றை மேஜருக்கு மாறியது! எது சரி என்று கல்வியாளர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இன்னொரு உதாரணம் தெரிந்திருக்கும். பிரான்சில் இளநிலைப் பட்டமான 'லிசான்ஸ்' மூன்று வருடம், 180 ஐரோப்பிய கிரெடிட். அங்கேயும் 'தூப்ல் லிசான்ஸ்' என்று இரட்டைப் படிப்பு உண்டு. ஆனால் விரும்பியவர்கள் எல்லாரும் சேர்ந்துவிட முடியாது. மார்க் பார்த்து, பொறுக்கி எடுத்துத்தான் சேர்ப்பார்கள். வகுப்பு நேரமும் அதிகம். இரண்டு பாடத்துக்கும் ஒத்துவருகிற டைம்டேபிளைப் பல்கலைக்கழகமே போட்டுக் கொடுத்துவிடும். மாணவர் இரண்டு துறைக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பிரெஞ்சு என்றதும் ஒன்று. புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு வேறு ஊரில் சுலபமாகக் கிடைக்காத 'இரண்டாவது பாடம்' ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1889-லிருந்து இங்கே இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸில் படித்து, டெல்ஃப் தேர்வு எழுதினால் கிடைக்கும் டிப்ளமோவுக்குக் காலாவதி கிடையாது. பி.காம் அல்லது கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டத்தோடு பி2 நிலை பிரெஞ்சு இருந்தால், வேலைச் சந்தையில் அது பல இரண்டாவது மேஜர்களை ஓரங்கட்டிவிடும். கிரெடிட் கணக்கில் வராது, டிகிரி சான்றிதழில் அச்சாகாது. ஆனால் நேர்காணலில் வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

எப்போது முடிவெடுக்க வேண்டும்?

நல்ல செய்தி என்னவென்றால், இதை அட்மிஷன் வரிசையில் நின்றுகொண்டு முடிவு செய்யத் தேவையில்லை. யு.ஜி.சி கட்டமைப்பின்படி மைனர் எது என்பதை இரண்டாவது செமஸ்டர் முடியும்போது சொன்னால் போதும். முதல் வருட முடிவில், அதே பிரிவுக்குள் மேஜரை மாற்றிக்கொள்ளவும் அதில் இடமிருக்கிறது. முதல் வருடத்துப் பிற துறைப் பாடங்களை ஒப்புக்கு எடுக்காமல், இரண்டாவது மேஜராக வரக்கூடிய பாடத்தைச் சுவைத்துப் பார்க்கும் வாய்ப்பாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். பிளஸ் டூவில் படித்த பாடத்தையே அந்த 9 கிரெடிட்டில் திரும்ப எடுக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை மட்டும் உண்டு.

அதற்குள் துறைத்தலைவரைப் பார்த்துச் சில விஷயங்களைக் கேட்டுவிட வேண்டும். இந்தக் கல்லூரியில் இந்த இரண்டு பாடத்தையும் சேர்த்து இரட்டை மேஜர் உண்மையிலேயே தருகிறார்களா, அல்லது விதியில் மட்டும் இருக்கிறதா? இதற்கு முன் யாராவது எடுத்திருக்கிறார்களா? இரண்டு துறை டைம்டேபிளும் மோதினால் யார் சரிசெய்வார்கள்? கூடுதல் கிரெடிட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டா? சான்றிதழில் பெயர் எப்படி வரும்? வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு வந்துவிடாமல், பல்கலைக்கழக விதிமுறையில் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. கூடவே உதவித்தொகை வாங்குகிற பிள்ளைகள், படிப்பு ஒரு செமஸ்டர் நீண்டால் தொகை தொடருமா என்றும் கேட்க வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், அந்த ஒரு செமஸ்டர் என்பது வீட்டுக்கு வர வேண்டிய ஆறு மாதச் சம்பளமும்கூட.

ஆரம்பித்துவிட்டு நடுவில் முடியாமல் போனால்? மாணவர் எடுக்கும் கிரெடிட்டுகள் எல்லாம் 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' கணக்கில் சேரும், அதிகபட்சம் ஏழு வருடம் செல்லுபடியாகும். இரண்டாவது பாடத்தில் 48-ஐத் தொட முடியாமல் நின்றாலும், 24-ஐத் தாண்டியிருந்தால் மைனருக்கான அளவு கைவசம் இருக்கிறது. அதை மைனராகப் பதிவு செய்துகொள்ள எந்த செமஸ்டருக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதையும், முதல் நாளே துறை அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.